மக்ரூன் அடுப்பில் ஒரு வான்கோழி

எனக்குத் தெரியாத சமையலைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்குப் பேச்சு நன்றாக வரும். மீன் குழம்பு எப்படி வைக்கிறாய் என்று கேட்டால், "என்னத்த, புளியக் கரைச்சு ஊத்த வேண்டியதுதான்" என்று முடித்துவிடுவேன். ஆனால் வாழ்க்கையில் ஒரு தடவைகூடச் செய்யாத வான்கோழியைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அதற்குத்தான் மூன்று வருஷமாகத் தண்டனை அனுபவிக்கிறேன்.

என் மகள் ஷீபாவுக்கும் மருமகனுக்கும் கத்தாரில் வேலை. பத்து மாசப் பேத்தியை ஊரில் விட்டுவிட்டுப் போக வேண்டும். என்னிடம் விடுவதா, சம்பந்தியிடம் விடுவதா? இரண்டு வீடும் தூத்துக்குடியில்தான். ஆட்டோவில் பத்து நிமிஷம்.

சம்பந்தி பிலோமினா வீட்டில் லிஃப்ட் உண்டு, ஏசி உண்டு, சுவரில் பதித்த ஓவன் உண்டு. (அந்த ஓவனுக்குள் தோசைக்கல்லை அடுக்கி வைத்திருப்பதை என் கண்ணால் பார்த்தேன்.) என் வீட்டில் ஒரு கேஸ் அடுப்பும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன என் வீட்டுக்காரரும் உண்டு. இரண்டையும் தட்டித் தட்டித்தான் ஓட்ட வேண்டும்.

ஷீபா இழுத்து இழுத்துச் சொன்னாள்: "யம்மா, ஒனக்கு வயசாயிட்டு. வேலை நாள்ல பிள்ளையையும் பாத்து, அடுப்படியையும் பாக்க முடியுமா? அத்தை வீட்ல வசதி இருக்குல்லா."

பேசாமல் இருந்திருக்கலாம். அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது.

"எனக்கா முடியாது? அடுத்து வார புதன்கிழமை ராத்திரி சம்பந்தியையும் கூட்டிட்டு வாங்க. வான்கோழிய முழுசா பேக் பண்ணி வைக்கேன். அது ஒரு வேலையா? அடுப்புல வச்சிட்டு நான் பாட்டுக்குப் பிள்ளையத் தூக்கிட்டு இருப்பேன்."

ஷீபா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சரி, பாப்போம். அன்னைக்கே முடிவு பண்ணிருவோம்" என்றாள்.

இந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், போன் வீடியோவில் ஒரு பொம்பளை வந்து, வேலை நாளுக்கு ஏற்ற சுலபமான சாப்பாடு, மசாலா தடவி ஓவனில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். மறப்பதென்றால் நான் முதல் ரேங்க்.

புதன்கிழமை காலையில் ஆழ்வார்திருநகரிப் பக்கத்திலிருந்து வான்கோழி வந்தது. உரித்துச் சுத்தம் பண்ணின பிறகே ஏழு கிலோ. பூண்டு, மிளகு, சோம்பு, தயிர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தடவினேன். அதற்குப் பிறகுதான் என்னிடம் ஓவன் இல்லை என்பது ஞாபகம் வந்தது. சம்பந்தி வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்பதற்குப் பதில் கடலில் குதித்திருப்பேன்.

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் வந்தால் கேக் மாவைத் தட்டில் ஊற்றி பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்குவோம். கேக் வேகிற அடுப்பில் கோழி வேகாதா? அண்டா மூடியில் வான்கோழியைப் படுக்க வைத்து, மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து, ஆட்டோவில் போனேன். பேக்கரி அண்ணாச்சி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். அடுப்பைப் பார்க்கிற செல்வம் மட்டும் இருந்தான்.

"ஆச்சி, உள்ள மக்ரூன் கெடக்கு. ரொட்டி எடுத்த சூட்டுல அது மெதுவா காயணும். கறிய வச்சா வாடை புடிச்சிரும்."

"ஏலே, மூடித்தானல வைக்கேன். முப்பது வருசமா இங்கனதான் கேக்கு சுடுதேன். நேத்து வந்த மக்ரூனுக்கு இருக்க மரியாதை எனக்குக் கெடையாதா?"

பாவம், என் சம்பந்தி கதையையும் கேட்டுக்கொண்டே வைத்துவிட்டான். மக்ரூன் முந்திரிப்பருப்பும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்ந்த நுரை. அதற்கு வேண்டியது ஆறுகிற அடுப்பு. ஏழு கிலோ வான்கோழிக்கு வேண்டியது எரிகிற அடுப்பு. இது ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை.

அஞ்சு மணிக்குப் போய்ச் சட்டியைத் தூக்கிப் பார்த்தேன். வான்கோழி வைத்தபடியே படுத்திருந்தது. கொஞ்சம் வேர்த்திருந்தது, அவ்வளவுதான். செல்வம் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் திரும்பி வருவதற்குள் சட்டியை அப்புறப்படுத்திவிட்டு, ஓரத்தில் கிடந்த கங்கில் நானே இரண்டு விறகைத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். (இதை இன்றுவரை செல்வத்திடம் சொல்லவில்லை. படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.)

ஏழு மணிக்கு வெளியே வந்த வான்கோழியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நிறம் அப்படியே தேக்கு அலமாரி. ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

எட்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். சம்பந்தி பட்டுச்சேலை, கையில் ஒரு பெரிய பார்சல். "மைனி, வீடு முழுக்க மணக்கே" என்றாள். என்னை அவள் மைனி என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குப் பயம்.

நான் மீன் வெட்டும் கத்தியை எடுத்து நெஞ்சில் இறக்கினேன். மேலே ஒரு விரல் கனத்துக்குப் பலகை. அதற்குக் கீழே ரோஜாப்பூ நிறம். இன்னும் கீழே இறக்கினால் பச்சைக் கறி.

என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "ஏளா, இது வெந்துச்சா, வெயில்ல காஞ்சுச்சா?"

"மேல மட்டும் பிச்சுத் தின்னா நல்லாத்தான் இருக்கும் அத்தை" என்றார் மருமகன். நல்ல பிள்ளை. ஆனால் அவர் பிய்க்கவில்லை.

ஷீபா பிள்ளையை என் பக்கத்திலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க மைனி, வயசான காலத்துல கை தப்பத்தான் செய்யும்" என்று சம்பந்தி பார்சலைப் பிரித்தாள். "கத்தாருக்குக் குடுத்துவிட ரெண்டு கிலோ மக்ரூன் சொல்லியிருந்தேன். வார வழியிலதான் வாங்கினேன். ஆளுக்கொண்ணு வாயில போடுங்க."

வெள்ளையாக இருக்க வேண்டிய மக்ரூன் பழுப்பாக இருந்தது. மருமகன் ஒன்றை வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார். "ம்மா, இதுல பூண்டு வாடை வருதே."

சம்பந்தி மோந்தாள். ஷீபா மோந்தாள். என் வீட்டுக்காரர் மோந்துவிட்டு, "மிளகும் இருக்கு" என்றார். நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன்.

சம்பந்தி அப்போதே பேக்கரிக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வேறு போட்டாள்.

"அண்ணாச்சி, மக்ரூன்ல கறி வாடை அடிக்கே?"

"மன்னிச்சிருங்கம்மா. ஒரு ஆச்சி நான் இல்லாத நேரம் வந்து வான்கோழிய உள்ள வச்சிட்டாவ. அவிய மகளோட மாமியார்ட்ட பெருமையடிக்க கொண்டு வந்தாவளாம், செல்வம் சொல்லுதான். அந்த மாமியாருக்கு என்னைக்கும் எளக்காரமாம்லா."

சம்பந்தி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு ஒரே ஒரு பதில்தான் வாயில் வந்தது. "அந்தக் கடைசிப் பேச்சு செல்வமா சேத்துச் சொன்னது மைனி."

அன்றைக்கு ராத்திரி கடைப் பரோட்டா. சாப்பிட்டுக் கை கழுவும்போது ஷீபா தீர்ப்பு சொன்னாள்.

"யம்மா, திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் பிள்ளை அத்தை வீட்ல. சனி ஞாயிறு ஒன் வீட்ல. வேலை நாளு ஒனக்கு ஒத்து வரலை."

வேலை நாளைக் காட்டி ஜெயிக்கப் போனவள், அஞ்சு வேலை நாளையும் மொத்தமாகத் தோற்றேன். அழுதேன், மறைக்கவில்லை. பிறகு மீதி இரண்டு நாளையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளைக்கு இப்போது மூன்று வயசு தாண்டிவிட்டது. சனிக்கிழமை காலையில் வரும்போது சம்பந்தி அவள் கையில் ஒரு மக்ரூன் பொட்டலம் கொடுத்துவிடுவாள், எனக்கு. கூடவே "மோந்து பாத்துத்தான் குடுத்துவிட்டிருக்கேன்னு சொல்லு" என்று ஒரு செய்தி. வாரம் தவறியதில்லை. எங்கள் குடும்பத்தில் இப்போது மோந்து பார்க்காமல் யாரும் மக்ரூன் தின்பதில்லை. ஒருவர் மோந்தால் இன்னொருவர் சிரிப்பார்.

பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. மக்ரூனைத் தின்கிற முறையே அதுதான் என்று நினைத்திருக்கிறாள். போன மாசம் சர்ச்சில் பங்குச் சாமியார் ஆசையாக ஒன்றை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி, மூக்கருகே பிடித்து, நிதானமாக மோந்து, "வான்கோழி இல்ல" என்று அவருக்குச் சொல்லிவிட்டுத் தின்றாள்.