பெயர் போடாத கேள்விகள்

நான்காம் கேள்வியை ஆரூரன் மூன்று தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரமும் வாசித்தார்.

'ஜன்னலோரப் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? ஊற்றாவிட்டால் வாடிவிடுமே?'

"பாலா, இஞ்ச ஓடி வா! இது உன்ரை கொண்ணரெல்லே!"

பாலாம்பிகை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பூச்சாடியைப் பற்றிக் கேட்டா உடன அண்ணையோ?"

"வேற ஆர் கேப்பினம்?"

ஹனோவரில் ஆறு பேரை வைத்துத் துப்புரவுக் கம்பனி நடத்துகிறவர் ஆரூரன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நாலு மாடியையும் நாலு வருடத்துக்குக் கூட்டித் துடைக்கும் ஒப்பந்தத்துக்கு டெண்டர் போட்டிருந்தார். அரசாங்கத்துக்கு டெண்டர் போடுவது எப்படி என்று வழிகாட்டியவன், தொழில் ஆலோசனை நிலையத்தில் வேலை செய்யும் றெஜினோல்ட்.

"சந்தேகம் இருந்தா எழுத்தில கேளுங்கோ அண்ணை. ஆர் கேட்டாலும் பெயரை மறைச்சுப்போட்டு, கேள்வியையும் பதிலையும் டெண்டர் போடுற எல்லாருக்கும் அனுப்புவினம்."

ஆரூரன் தமிழில் சொல்ல, பாலாம்பிகை ஜெர்மனில் எழுதி ஃபாக்ஸ் பண்ணினாள். பதிலோடு வந்த தாளில் முதல் மூன்றும் அவர் கேட்டவை. நான்காவது அவர் கேட்டதல்ல.

துடைக்கப் போன இடத்திலெல்லாம் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிற மனிதர் அவருக்குத் தெரிந்து ஒருவர்தான். பாலாம்பிகையின் அண்ணன், அவருடைய மச்சான் சிற்றம்பலம். கம்பனியை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். கம்பனிக்குப் புது வான் வண்டி வாங்கியபோது, கதவில் யாருடைய பெயரை முதலில் எழுதுவது என்று சண்டை வந்தது. ஆறு வருடமாகிறது. அந்த வானை விற்றும் ஆயிற்று. கோபத்தைத்தான் விற்க முடியவில்லை.

சிற்றம்பலம் தனிக் கம்பனி தொடங்கினார். சில நாள் சிவப்பு விளக்கில் இரண்டு வானும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இருவரும் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பச்சை விழுந்து மச்சான் போன பிறகும், பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடிக்கும்வரை ஆரூரன் வானை எடுக்கமாட்டார். முன்னூற்றிநாலு சீட்டாட்டத்துக்கு ஹனோவரில் சோடி சேர ஆள் இல்லாமலில்லை. மற்றவர்களோடு விளையாட அவருக்குத்தான் மனம் வரவில்லை. பாலாம்பிகை மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி தனியாகப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வருவாள். வந்து ஒன்றும் சொல்லமாட்டாள்.

"நான் அவனுக்கு ரெலிபோன் எடுக்கப் போறன்," என்றார் ஆரூரன்.

முன்னெச்சரிக்கையாக றெஜினோல்டைக் கேட்டதுதான் வினையாயிற்று.

"ஐயோ, வேண்டாம் அண்ணை! டெண்டர் போடுற ரெண்டு பேர் தங்களுக்குள்ள கதைச்சா, கூட்டுச் சேர்ந்திட்டினம் எண்டு ரெண்டு பேரையும் வெளியில போட்டுடுவாங்கள்."

"சுகம் விசாரிக்கக்கூட ஏலாதோ?"

"ஏலாது. மூண்டு கிழமை பொறுங்கோவன்."

கதைக்க ஒரு தடையும் இல்லாத ஆறு வருடம் வாயே திறக்காத மனிதருக்கு, கதைக்கக்கூடாது என்று சட்டம் குறுக்கே வந்ததும் மூன்று வாரம் பொறுக்க முடியவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்தார்.

"எழுத்தில கேக்கலாமெண்டுதானே சொன்னவன்? எழுது பாலா."

எட்டாம் கேள்வி: 'நான்காம் கேள்வியைக் கேட்டவர் சுகமாக இருக்கிறாரா?'

அலுவலகம் பதில் அனுப்பியது: 'விண்ணப்பதாரரின் உடல்நலம் ஒப்பந்தத்தோடு தொடர்பில்லாதது.'

நாலு நாள் கழித்து அடுத்த தாள் வந்தது. ஒன்பதாம் கேள்வி: 'எட்டாம் கேள்வியைக் கேட்டவர் உப்பைக் குறைத்துவிட்டாரா?'

பதில்: 'உப்புத் தூவுவது குளிர்காலச் சேவையைச் சேர்ந்தது. இந்த ஒப்பந்தத்தில் அடங்காது.'

ஆரூரன் அழுதேவிட்டார். "பாத்தியே, என்ரை பிறஷரை அவன் இன்னும் மறக்கேல்ல!"

"ஓம்," என்றாள் பாலாம்பிகை. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்ததால் ஆரூரன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு நாலு மாடியும் மறந்துபோயிற்று. பதின்மூன்றாம் கேள்வியை எழுந்து நின்றே சொன்னார். 'வான் கதவில் மச்சானின் பெயரையே முதலில் எழுதச் சம்மதிக்கிறேன். போதுமா?' இதை ஜெர்மனில் எழுதப் பாலாம்பிகைக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது.

பதில்: 'வாகனத்தில் பெயர் எழுதுவது விண்ணப்பதாரரின் விருப்பம். இனிக் கேள்விகள் ஏற்கப்படா.'

அதே தாளில், அதற்குக் கீழே, கடைசியாகப் பதினான்காம் கேள்வி இருந்தது.

'இவ்வளவும் கேட்கிறவர் ஒருதரம் நேரில் வந்து கேட்டால் என்ன?'

அலுவலகம் அதற்கும் சளைக்காமல் பதில் எழுதியிருந்தது. 'நேரில் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் அளிக்கப்படாது.'

அன்று ஆரூரன் தூங்கவில்லை. போனால் மச்சானுக்கும் ஒப்பந்தம் போய்விடும். போகாவிட்டால் மச்சானே போய்விடுவான். விடிந்ததும் அவருக்குப் புத்தி தெளிந்தது. டெண்டர் போடாதவன் யாரோடும் கதைக்கலாமே! பாலாம்பிகையிடம்கூடச் சொல்லாமல் ட்ராம் ஏறிப் போய், டெண்டரைத் திருப்பி எடுப்பதாகக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அந்தக் கையோடு லிண்டன் பகுதியில் இருக்கும் மச்சான் வீட்டு மணியை அடித்தார்.

சிற்றம்பலம் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அதைப் பார்த்ததும், பாதையில் சொல்லிச் சொல்லிப் பழகி வந்த வார்த்தையெல்லாம் ஆரூரனுக்கு மறந்துபோயிற்று.

"மச்சான்..."

"ஆறு வருசம் வெளியில நிண்டது காணும். உள்ள வாடா."

டெண்டரைப் பற்றி ஆரூரன் மூச்சுவிடவில்லை. தன்னால் மச்சானுக்கு ஒரு இடைஞ்சலும் வரக்கூடாது. மச்சானும் ஒன்றும் கேட்கவில்லை.

பின்னேரம் மச்சானும் மனைவியும் ஆரூரன் வீட்டுக்கு வந்தார்கள். பாலாம்பிகை வாசலிலேயே அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினாள். பிறகு நாலு பேரும் முன்னூற்றிநாலு விளையாட உட்கார்ந்தார்கள். ஆரூரனும் சிற்றம்பலமும் சோடி. இரண்டாவது ஆட்டத்தில் ரெலிபோன் அடித்தது. றெஜினோல்ட்.

"அண்ணை, என்ன வேலை செய்தனீங்கள்? ஏன் டெண்டரைத் திருப்பி எடுத்தனீங்கள்?"

ஆரூரன் நடைக்கூடத்துக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினார். "மச்சானுக்குக் கிடைக்கட்டும் தம்பி. எனக்கு அதைவிடப் பெரிசு கிடைச்சிட்டுது."

"எந்த மச்சானுக்கு? நான் அங்க விசாரிச்சிட்டன். டெண்டர் போட்டது நீங்கள் ஒராள்தான். பதினாலு கேள்வியும் உங்கட வீட்டு ஃபாக்ஸிலயிருந்துதான் போயிருக்கு. அதில பாதிக் கேள்வியில பாலாம்பிகை அக்காவெல்லே கையெழுத்து வைச்சிருக்கிறா!"