ஐயாசாமியின் பதினான்கு புழுக்கள்

அன்று வந்திருந்தவர்கள்: ரப்பர் தோட்டத்து இரண்டாம் லயத்து வீடுகள் முழுவதும், குழந்தை குட்டியோடு. மூன்றாம் லயத்தில் காய்ச்சல்காரர்கள் போக மீதிப் பேர். சாஆ டவுனிலிருந்து லாரி பிடித்து வந்த ஒன்பது பேர். காஹாங் பக்கத்திலிருந்து ஒரு புது மாப்பிள்ளை, அவன் கையைப் பிடித்து இழுத்து வந்த மாமியார். கங்காணி, நாற்காலியோடு. காலில் கயிறு கட்டிய இருபத்திரண்டு சேவல்கள். துணி மூட்டையும் சைக்கிளுமாக ஜெய்னுலாபுதீன் நானா. தாடை வீங்கிய கருப்பாயி. அவளுக்குப் பக்கத்தில், பதினான்கு புழுக்களுக்குச் சொந்தக்காரனான அவள் புருஷன் ஐயாசாமி.

வராதது: புத்தி. ஞாயிற்றுக்கிழமை அதற்கும் விடுமுறை.

1931ஆம் வருஷம். ரப்பர் விலை தரைக்கு வந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றிக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு நம் பேரை வெட்டிவிடுவார்களோ என்று பயம். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனால் புலி பயம். புலி இல்லாத இடத்தில் பேய் பயம். இத்தனை பயம் விளைந்து கிடக்கும்போது அறுவடை செய்ய ஒருவன் வராமல் இருப்பானா? வந்தான். பெயர் தைரியலிங்க சாமி.

சாமியின் கண்டுபிடிப்பு எளிமையானது. பயம் என்பது ஒரு புழு. எதிரி வைத்த சூனியம் முட்டையாகக் காது வழியே உள்ளே போகிறது, பொரிக்கிறது, மனுஷனின் மனபலத்தைத் தின்கிறது. புழுவை எடுத்துவிட்டால், அமுங்கிக் கிடக்கும் பலம் தானாக எழுந்து நிற்கும்.

எடுக்கும் விதம் இது. அகலமான தாம்பாளத்தில் தண்ணீர். நடுவில் ஒரு கல்லின்மேல், பழுக்கக் காய்ச்சிய ஒரு இரும்புத் துண்டு. அதன்மேல் நெய்யில் பிசைந்த மந்திர விதை ஒரு பிடி. அதை மூட, ஓட்டை போட்ட ஒரு கொட்டாங்கச்சி. ஓட்டையிலிருந்து காதுவரைக்கும் ஒரு பப்பாளி இலைக்காம்பு. புகை காம்பு வழியே காதுக்குள் போகும். கொட்டாங்கச்சிக்குள்ளே, புழு இறங்கி வந்து விழுவதுபோலப் படபடவென்று சத்தம் கேட்கும். கொட்டாங்கச்சியைத் தூக்கினால் வெள்ளை வெள்ளையாக, வால் சுருண்ட புழுக்கள் தண்ணீரில் மிதக்கும். கூட்டம் வாயைப் பிளக்கும். ஒரு சேவல் கைமாறும்.

ஐயாசாமி மூன்று முறை காதைக் கொடுத்தவன். முதலில் ஏழு, அப்புறம் ஒன்பது, போன வாரம் பதினான்கு. தோட்டத்தில் வேறு யாருக்கும் அத்தனை வரவில்லை. பிறந்ததிலிருந்து எதிலும் முதலாவதாக வந்திராத மனுஷன், இதைத் தண்ணீர்க் குழாயடியில் நின்று எல்லோரிடமும் சொன்னான்.

அவன் பயத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. ரப்பர் ஷீட் காயும் புகைக்கொட்டாயில் ராத்திரி நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. பதினோராம் ராத்திரி கூரை உத்தரத்தில் ஏதோ நடந்து போனது. ஐயாசாமி அதைவிட வேகமாக நடந்து லயத்துக்கு வந்து சேர்ந்தான். காலையில் பார்த்தால் அது மரநாய். நெருப்பு அணைந்துபோயிருந்தது, வேலையும் அதோடு. அன்றிலிருந்து அவன் புல் வெட்டுகிறான். மூன்று முறை புழு எடுத்த பிறகும் அவன் புகைக்கொட்டாய்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. புழுவெல்லாம் போன பிறகு பயம் ஏன் இருக்கிறது என்று அவன் தன்னைக் கேட்டுக்கொண்டதும் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம்.

இன்று விஷயம் கருப்பாயியின் பல். கடைவாய்ப் பல் சொத்தை. ஐந்து நாளாக வீக்கம், இப்போது கழுத்துக்கு இறங்கிவிட்டது. நேற்றிலிருந்து காய்ச்சல். காலையில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் மூர்த்தி லயத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்: "இன்னைக்கே புடுங்கணும். சீழ் தொண்டைக்கு எறங்கினா மூச்சு அடைச்சிடும். தலையப் புடிக்க ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க."

சாமி வேறு மாதிரி சொன்னார். அது சொத்தைப் பல் இல்லை, ஏவல். ஐந்து வாரம், ஐந்து சேவல். நடுவில் குறடு பட்டால், புழு பக்கத்தில் நிற்கும் உறவுக்காரன் வாய்க்குத் தாவிவிடும்.

பக்கத்தில் நிற்கப்போகும் உறவுக்காரன் ஐயாசாமி. அவனுக்குச் சாமியின் வைத்தியம்தான் சரி என்று பட்டது.

"வலிக்கிறது எனக்கு. பயம் மட்டும் ஒனக்கா?" என்றாள் கருப்பாயி, பாதி வாயால்.

"பயத்தையெல்லாம் எடுத்தாச்சு. பதினாலு."

"தெரியுது."

துணி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த ஜெய்னுலாபுதீன் நானா அவள் கழுத்தைப் பார்த்தார். சாஆவில் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் தோட்டம் சுற்றித் துணி விற்பார்.

"என்ன ஐயாசாமி, கழுத்தையே காணோமே? ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"சாமி பாத்துக்கிட்டிருக்காரு நானா."

நானா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாம்பாளத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டார். மேல்வரிசைப் பல்லைக் கழற்றினார். அப்புறம் கீழ்வரிசை. இரண்டையும் ஒரு வாழையிலைத் துண்டில் வைத்தார். குழந்தைகள் அலறின. காஹாங் மாமியார் மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டாள்.

"சாமி, இதுலயும் எடுங்க," என்றார் நானா. பேச்சு பாதி காற்றாக வந்தது. "என் பல்லு போயி எட்டு வருஷமாச்சு. இது சிங்கப்பூர்ல செஞ்சது. பல்லு பீங்கான். ஈறு ரப்பரு, இவங்க வெட்டுற பாலுதான்."

"உயிர் இல்லாத பொருள்ல புழு இருக்காது," என்றார் சாமி.

"அதையே காட்டுங்க. புழு வரலைன்னா இந்த மூட்டை பூரா ஒங்களுக்கு."

சாமி கண்ணை மூடினார். "விதை தீர்ந்துபோச்சு."

"இருக்கு சாமி!" என்று பாய்ந்தான் ஐயாசாமி. சாமி உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தைத் தூக்கிப் பையை எடுத்து எல்லோருக்கும் காட்டினான். "அரைப் பை இருக்கு! நானா வாய அடைச்சிடலாம் சாமி!"

சாமி அவனைப் பார்த்த பார்வையில் அருள் இல்லை. பக்தி உச்சத்தில் இருந்த ஐயாசாமிக்கு அது தெரியவில்லை. சாமிக்கு எதற்குச் சிரமம் என்று அவனே தாம்பாளத்தின் முன் உட்கார்ந்தான். பதினோரு ராத்திரி நெருப்பு பார்த்தவன், இரும்பு காயும் பதம் தெரியும். விதையை வைத்தான். கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தான். காம்பின் நுனியை நானாவின் பல்வரிசைக்கு நடுவில் பக்தியோடு செருகினான்.

புகைந்தது. படபடத்தது. தூக்கினான்.

கங்காணி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து எண்ணினார். "பதினாறு."

ஐயாசாமிக்கு முதலில் வந்தது பொறாமை. தன்னைவிட இரண்டு கூட.

"நானாவோட பல்லு ஒன்னைவிடப் பயந்தாங்கொள்ளி லா, ஐயாசாமி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது.

"அந்தப் பல்லைச் செஞ்சவன் சூனியக்காரன்!" என்று கத்தினார் சாமி. பாதித் தலைகள் உடனே ஆமாம் என்று ஆடின. நம்ம தலைகள் அப்படி. யார் தட்டினாலும் ஆடும்.

கருப்பாயி குனிந்தாள். இரும்பின்மேல் வெடிக்காமல் கிடந்த ஒரு விதையைக் குச்சியால் தள்ளி எடுத்து, ஊதி ஆற்றி, இரண்டு நகத்துக்கு நடுவில் அழுத்தினாள். உள்ளிருந்து வெள்ளையாக ஒன்று நழுவி வந்தது. வால் சுருண்டிருந்தது.

"கண்டங்கத்திரி விதை," என்றார் நானா. "சூடு பட்டா வெடிக்கும். உள்ள இருக்கிற முளை தண்ணியில வந்து விழும். காதும் வேணாம், பல்லும் வேணாம்."

கருப்பாயி அதைப் புருஷனின் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தா. ஒன் பதினாலுல ஒன்னு."

அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அரை நாள் வரிசையில் நின்று காதைக் காட்டியிருக்கிறான், மூன்று முறை. அந்தக் காம்பை ஒரே ஒரு முறை காதிலிருந்து எடுத்து வெறும் காற்றில் பிடித்துப் பார்த்திருந்தால் மூன்று சேவல் மிஞ்சியிருக்கும். பிடித்துப் பார்க்க மந்திரம் வேண்டியதில்லை. கழுத்துக்கு மேலே இருப்பது தலைப்பாகை கட்ட மட்டும் இல்லை என்ற நினைவு போதும்.

ஆளாளுக்குத் தங்கள் சேவலின் கயிற்றை அவிழ்த்தார்கள். கங்காணி நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டு, "எனக்கு அப்பவே தெரியும்," என்றார். சாமி மூட்டை கட்டினார். பெரிய ரோட்டுக்கு ரப்பர் மரங்களுக்கு நடுவே மூன்று மைல் நடக்க வேண்டும். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார்.

"ரோடு வரைக்கும் துணைக்கு ஒரு ஆள் வர்றீங்களா? இந்தப் பக்கம் புலி இருக்குன்னாங்க."

"காதுல காம்பை வச்சுக்கிட்டுப் போங்க சாமி," என்றாள் காஹாங் மாமியார்.

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் ஐயாசாமி. பாதிச் சிரிப்பில்தான், தான் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. நிறுத்திக்கொண்டான்.

கருப்பாயி சிரிக்கவில்லை. அவள் வாய் அவ்வளவு திறக்கவில்லை. முந்தானையைத் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள். ஐயாசாமி பத்தடி பின்னால் போனான். வழியில் ஒரு சந்தேகம் வந்தது. விதையில் இருந்தது சரி, பொய்ப் புழு. பல்லில் இருப்பது உண்மைப் புழுவாக இருந்து, அது தாவினால்? இதைக் கேட்பதற்காக நின்றான். அவள் நிற்கவில்லை. மூச்சு விடும்போது அவள் தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவனும் நிற்கவில்லை.

மூர்த்தி குறடை வெந்நீரில் போட்டு வைத்திருந்தார். கருப்பாயியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"தலையப் புடிக்கிற ஆளு நீதானா? கெட்டியாப் புடிப்பியா?"

ஐயாசாமி உதட்டை நக்கினான். அந்த வருஷத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னான். "பயமா இருக்குங்க ஐயா."

"இருக்கட்டும். கை ரெண்டும் இருக்குல்ல? பயந்துக்கிட்டே புடி."

பயந்துகொண்டே அவன் படியேறி உள்ளே போனான். மூர்த்தி கையில் சாவி எடுத்தார்.

"பூட்டணுமா ஐயா? பல்லு புடுங்க வந்தவங்க ஓடிடுவாங்கன்னா?" என்றான் ஐயாசாமி.

"அவங்க ஓட மாட்டாங்க," என்றார் மூர்த்தி. "தலையப் புடிக்க வர்றவன்தான் ஓடுவான்."

ஐயாசாமிக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு சுற்று சுற்றியது.