ஐந்தருவியில் என்ன ஆபாசம்?

"படம் ஆபாசமா இருக்காம் அண்ணாச்சி. திருப்பி அனுப்பிட்டான்" என்றாள் ஜாய்.

மேலகரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவள் அவள். எதிரே எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தபடி நின்றார் அய்யாக்குட்டி. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில்.

"எவன் சொன்னான்?"

"விளம்பரக் கம்பெனிக்காரன்தான். உடம்பு தெரியக் கூடாதாம்."

அய்யாக்குட்டிக்கு வந்ததே கோபம். "குத்தாலத்துல உடம்பு தெரியாம எவன் குளிக்கான்? கோட்டு சூட்டோடயா அருவில நிக்கான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்க வேண்டியவன் எந்தத் தேசத்தில் இருக்கிறானோ.

இந்த வருஷம் அவருக்கு ஏலத்தில் விழுந்த இடம் ஐந்தருவியில், கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால். அங்கே ஆள் வராது, குரங்குதான் வரும். சாரல் சீசன் முடிவதற்குள் தொழில் சூடு பிடிக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். செல்போனில் விளம்பரம் போட்டால் தேடி வருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். உடனே மச்சினன் சங்கிலிப்பாண்டியைக் கோவணத்தோடு பலகையில் உட்காரவைத்து, அவன் தலையில் தான் எண்ணெய் தேய்ப்பதுபோல் படம் எடுத்துக் கொடுத்திருந்தார். அதைத்தான் ஆபாசம் என்கிறான்.

"சட்டையப் போட்டு எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி" என்றாள் ஜாய்.

எண்ணெய் தேய்க்கிறதுக்குச் சட்டையாம். எங்கே போய் முட்டிக்கொள்ள? இருந்தாலும் சங்கிலிப்பாண்டிக்கு ஒரு துண்டைப் போர்த்தி எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்தது. அவனுடைய தீபாவளிச் சட்டையைப் போடவைத்து, கழுத்துப் பொத்தான் வரை மாட்டி எடுத்தார். சட்டை எண்ணெயில் ஊறிப் பாழானது மிச்சம். படம் திரும்பி வந்தது.

"எத்தான், என் சட்டை" என்றான் சங்கிலிப்பாண்டி.

"என் பொழப்பே போகுது, ஒனக்குச் சட்டைதாம்லே பெரிசா?"

எல்லாப் படங்களையும் எடுக்கும் பொறுப்பு அய்யாக்குட்டியின் மனைவி ஆவுடையம்மாளுடையது. அவளுக்கும் பொறுமை போய்விட்டது. "இன்னும் என்னத்தத்தான் மூடணுமாம் அவனுக்கு?" என்று கேட்டவள், தம்பியைப் பலகையில் மல்லாக்கப் படுக்கவைத்து, வெள்ளை வேட்டியால் கழுத்துவரை மூடினாள். காற்றில் விலகாமல் இருக்க நுனியைக் காலுக்கடியில் செருகினாள். கொஞ்சம் பக்தியாகவும் இருக்கட்டும் என்று தலைமாட்டில் ஒரு விளக்கையும் ஏற்றிவைத்தாள்.

"கண்ண மூடுலே. சொகமா இருக்க மாதிரி மூஞ்சிய வையி" என்றார் அய்யாக்குட்டி, அவன் நெற்றியில் எண்ணெய் வைத்துக்கொண்டே.

அதுவும் திரும்பி வந்தது.

"அதே காரணந்தான். அண்ணாச்சி, நான் ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்கள்லா?" என்று ஜாய் தயங்கினாள்.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம் தாயி. அவன் வேணும்னே செய்யுதான்."

வெளியே வந்ததும் ஆத்திரம் தாங்காமல் அந்தப் படத்தையே தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, கீழே எழுதினார்: 'நாங்க என்ன பாவம் செஞ்சோம்? எங்களுக்கு ஏன் இந்தச் சோதனை? இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?'

மறுநாள் காலையில் கடையத்திலிருந்து ஒரு வேன் வந்து கடை முன்னால் நின்றது. சொந்தக்காரர்கள் மாலையும் கையுமாக மாரில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். கடைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்த சங்கிலிப்பாண்டி பதறி எழுந்து வந்தான்.

"ஏன் சித்தி அழுதிய? யாரு செத்தா?"

அவன் சித்தி முருகம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த மாலையாலேயே அவனை நாலு சாத்து சாத்தினாள்.

"வயல் நடவ அப்படியே போட்டுட்டு, நீ செத்துட்டன்னு துட்டிக்கு வந்திருக்கோம். நீ டீயா குடிக்கே?"

அய்யாக்குட்டி குறுக்கே விழுந்து, அவளை உட்காரவைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். செல்போனில் இருந்த நாலு படத்தையும் வரிசையாகக் காட்டினார்.

"நீங்களே சொல்லுங்க அத்தை. துண்டப் போத்துனேன், சட்டையப் போட்டேன், பொணம் மாதிரி மூடுனேன். அவன் இன்னமும் உடம்பு தெரியுதுங்கான். இதுல எங்கன தெரியுது?"

முருகம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு செல்போனை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"எம்புள்ளைய ஒழுங்காத்தான் மூடியிருக்கீரு மருமவனே. நாலு படத்துலயும் அவன் பக்கத்துல அரைத்துண்டோட தொந்தியத் தள்ளிக்கிட்டு நிக்கது நீருதான?"