கேஸ்காரர் காத்த பீப்பாய்

உலகத்தில் நடக்கிற அத்தனை கெடுதலுக்கும், எவனோ ஒருவன் எங்கேயோ ஒரு மூடியைச் சரியாக மூடாததுதான் காரணம் என்று முழுமனதாக நம்பிய மனிதர் ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். மழை பொய்த்தாலும் சரி, எதிர்வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாலும் சரி, "எவனோ ஒயுங்கா மூடல நைனா" என்று முடித்துவிடுவார்.

திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் அவர் சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஓர் அறை, ஒரு சோடா மெஷின், மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து போகும் இரண்டு இரும்பு சிலிண்டர்கள். முதலாளி, தொழிலாளி, மேனேஜர் எல்லாம் அவரே. ஊரிலேயே கேஸ் சிலிண்டர் வைத்திருந்த ஒரே ஆள் என்பதால் கேஸ்காரர் என்று பெயர். அவருடைய சொந்தப் பெயரைக் கோர்ட்டில் கூப்பிட்டபோதுதான் நானே முதன்முதலாகக் கேட்டேன்.

நான் அப்போது தாலுகா ஆபீசில் கிளார்க். ஐம்பதுகளில் ஊர் ஆந்திராவோடு இருந்த வருஷங்கள் அவை. சோடா கம்பெனிக்குப் பின்னால் இருந்த அறையில் குடியிருந்தேன். காலையில் கேஸ்காரர் கோலிக்குண்டு போட்ட பாட்டில்களைத் திருப்பித் திருப்பிச் சோதிக்கும் சத்தத்தில்தான் கண் விழிப்பேன்.

ஒருநாள் எங்கள் தாசில்தார் அங்கே சோடா வாங்கினார். வாங்கியவர் குடிக்காமல், பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ பட்டா விவகாரம் பேச ஆரம்பித்தார். கேஸ்காரர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு எழுந்து வந்து, தாசில்தார் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கித் தெருவில் கவிழ்த்தார்.

"ஐயா, தப்பா நெனச்சிக்காதீங்க. தொறந்துட்டுப் பேசிகினு இருந்தா கேஸ் பூடும். வேற ஒடச்சித் தர்றேன். குடிச்சிட்டு அப்புறமாப் பேசுங்க."

தாசில்தார் ஒரே மூச்சில் குடித்தார். பட்டா விவகாரம் அத்தோடு மறந்துபோயிற்று. எனக்கு ஒருவாரம் நிம்மதி.

கேஸ்காரர் பெரிய முருக பக்தர். கழுத்தில் உருத்திராட்சம், நெற்றி நிறைய விபூதி, கிருத்திகை தவறாமல் வெறுங்காலோடு மலையேறுவார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு மலையடியில் நின்று இலவசமாக சோடா கொடுப்பார். கள்ளுக்கடைகள் இருந்த காலத்தில், அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாராம். அப்படிப்பட்டவருக்குத்தான் டிரைவர் துரையின் சகவாசம் வாய்த்தது.

டிரைவர் துரை ஆங்கிலோ இந்தியர். அரக்கோணத்தில் ரயில் இஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள். மகன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். திருத்தணியில் ஓட்டுவீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தனியாக இருந்தார். மதுவிலக்கு கடுமையாக இருந்தாலும் அவரிடம் பர்மிட் இருந்தது. பீர் அவருக்கு மருந்து என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். என்ன நோய்க்கு என்று மட்டும் எழுதவில்லை. மாதாமாதம் பெங்களூரிலிருந்து ஒரு சின்ன மரப் பீப்பாய் ரயிலில் வந்து இறங்கும்.

அரக்கோணத்தில் இருந்தவரை நாலு சினேகிதர்கள் கூடி ஒரே நாளில் பீப்பாயைக் காலி செய்துவிடுவார்களாம். இங்கே தனி ஆள். சாயங்காலம் ஒரு தம்ளர், அவ்வளவுதான். குழாயைத் திறக்கத் திறக்க உள்ளே காற்றுப் போகும். திருத்தணி வெயிலோ கேட்க வேண்டாம்.

"மேன், திங்கள்கிழமை பீர். வியாழக்கிழமை குதிரை மூத்திரம். சனிக்கிழமை வினிகர்!" என்று ஒருநாள் சோடாக் கடையில் வந்து அழாத குறையாகச் சொன்னார்.

கேஸ்காரருக்கு அது சாராய விவகாரமாகவே தெரியவில்லை. மூடி விவகாரமாகத் தெரிந்தது.

"துரை, அதுக்குள்ள இருக்கிறதும் நம்ம கேஸ்தானே?"

"சேம் கேஸ், மேன்!"

மறுநாளே ஒரு சிலிண்டரைச் சைக்கிளில் கட்டித் துரை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். சோடாவுக்கு வைக்கிற அழுத்தத்தையே பீப்பாய்க்கும் வைத்தார். குழாய் பிடுங்கிக்கொண்டு பறந்து, சுவரில் மாட்டியிருந்த டிரைவர்கள் குரூப் போட்டோவின்மேல் மோதியது. பின்னாலேயே பீர் பீய்ச்சி அடித்தது. துரை தலையிலிருந்து கால்வரை நுரை. கேஸ்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாய்க்குள் ஒரு சொட்டுப் போய்விடக்கூடாதே என்று உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, மூக்காலேயே "முருகா முருகா" என்று முனகினாராம். துரை அந்த முனகலை நடித்துக் காட்டினால் பார்க்கிறவர்களுக்கு வயிறு புண்ணாகிவிடும்.

மூன்றாவது பீப்பாயில் கேஸ்காரர் தேறிவிட்டார். கேஸ் கொஞ்சம்தான் வைக்க வேண்டும், மீட்டர் முள் நடுங்கினால் போதும். பீப்பாயை ஆற்றுமணலில் புதைத்து, மேலே ஈரச்சாக்கு போட வேண்டும். ரப்பர்க் குழாயைத் தினமும் வெந்நீரில் கழுவ வேண்டும். வெயில் படக்கூடாது, ஆடக்கூடாது. துரை வீட்டு வாசலில் மாட்டுவண்டி கடகடவென்று போனால் ஓடிவந்து, "யோவ், மெதுவா ஓட்டு! உள்ள தூங்கிகினு கீது!" என்று கத்துவார். துரை வீட்டில் யாரோ குழந்தை பெற்றிருக்கிறார்கள் என்று வண்டிக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு பேரும் பேசிக்கொள்வது பாதி புரியாது. ஆனால் சாயங்காலமானால் துரை பீர்த் தம்ளரோடும் கேஸ்காரர் சோடா பாட்டிலோடும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

"கசக்குதா துரை?"

"கசக்குது மேன்."

"புளிக்குதா?"

"நோ, மேன்!"

"முருகா!" என்று கேஸ்காரர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

ஒரு தை மாதம் துரைக்கு வயிற்றில் கடுமையான வலி வந்தது. பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்போதுதான் புதுப் பீப்பாய் வந்து இறங்கியிருந்தது. ரயில் புறப்படும்போது துரை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பத்து நாள்ல வருவேன் மேன். என் பேரலைப் பாத்துக்கோ!" என்று கத்தினார். நானும் பிளாட்பாரத்தில் இருந்தேன்.

வீட்டைப் பூட்டிவிட்டால் யார் போய் ஈரச்சாக்கு போடுவது? கேஸ்காரர் பீப்பாயைத் தன் கம்பெனிக்கே கொண்டுவந்து, மூலையில் மணல் குவித்து வைத்தார். அரக்கோணத்திலிருந்து உமி போட்டு மூடிய ஐஸ்கட்டி வரவழைத்தார். பர்மிட் துரையின் பெயரில், துரையின் வீட்டு விலாசத்துக்குத்தான் செல்லும் என்பது தாலுகா ஆபீஸ் கிளார்க்கான எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்.

ஒரே ஒரு சிக்கல். கெட்டுப்போகவில்லை என்று ருசி பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

"நைனா, காலையில ஒரே ஒரு ஸ்பூன். நாக்குல வச்சி சொன்னாப் போதும். நான் மாலை போட்டவன், என்னால முடியாது."

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நல்லவனும் இல்லை. தினமும் ஆபீஸ் போகுமுன் ஒரு ஸ்பூன். வேப்பங்கொழுந்தை ஊறவைத்த மாதிரி இருக்கும்.

"கசக்குதா?"

"கசக்குது."

"புளிக்குதா?"

"இல்லைங்க."

"முருகா!"

பத்து நாள் என்று சொன்ன துரை வரவில்லை. பதினைந்து, இருபது என்று நாள் போயிற்று. கடிதமும் இல்லை. "ஆஸ்பத்திரின்னா அப்படித்தான் இழுக்கும். அவரு வர்ற அன்னிக்கி கேஸ் பூடாம நுரை நிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே சாக்கை நனைப்பார்.

இருபத்துநாலாவது நாள் தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்தில்லாத மனு ஒன்று வந்திருந்தது. ஸ்டேஷன் ரோடு சோடா கம்பெனியில் பீர் பீப்பாய் இருக்கிறது. சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவரும் தினசரி காலையில் அங்கே போய்க் குடிக்கிறார்.

வேலை போனால் திருவாலங்காட்டில் இருக்கும் அப்பாவுக்கும் இரண்டு தங்கைகளுக்கும் சோறு இல்லை. மனுவைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஓடிப்போய், பீப்பாயைக் கவிழ்த்துவிடுங்கள் என்று அவரிடமாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. பதிவேட்டில் ஏற்றி, நம்பர் போட்டு, தாசில்தார் மேஜைக்கு அனுப்பினேன். மறுநாள் காலை கேஸ்காரர் ஸ்பூனை நீட்டியபோது, "பல்வலிங்க" என்றேன்.

"அய்யய்யோ, கிராம்பு வச்சிக்க நைனா" என்றார்.

அதற்கு அடுத்த நாள் மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். தெலுங்கர். "ஏமய்யா இதி?" என்று மணலைக் காலால் தள்ளினார். கூட்டம் கூடிவிட்டது. நான் என் அறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ரிப்போர்ட் எழுதி, அத்தாட்சிக்கு ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, மீதியை வாசல் சாக்கடையில் கொட்டச் சொன்னார்கள். பீர் விழுந்த இடத்தில் நுரை வெள்ளைவெளேரென்று பொங்கி எழுந்து, அப்படியே நின்றது.

இரண்டு கான்ஸ்டபிள்கள் கையைப் பிடித்திருக்க, கேஸ்காரர் அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பெருமை.

"பாருங்கய்யா! இருபத்தாறு நாளு! இன்னா மாதிரி நிக்குது பாருங்க!"

கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

கேஸ்காரர்மேல் கேஸ் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கோர்ட்டுக்கு ஆபீஸ் ரிகார்டுகளை எடுத்துக்கொண்டு போகும் வேலை என் தலையில் விழுந்தது.

மாஜிஸ்திரேட், பர்மிட்காரர் எங்கே என்று கேட்டார். ரயில்வே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதிலைப் படித்தார்கள். துரை இறந்துபோயிருந்தார். ஆபரேஷனில்.

"செத்துட்டாரா?" கேஸ்காரர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எப்பங்கய்யா?"

தேதியைச் சொன்னார்கள். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பீப்பாயைப் பிடித்த நாளைக்குப் பதினோரு நாள் முன்னால். அந்தப் பதினோரு நாளும் சாக்கை நனைத்திருந்தார், குழாயைக் கழுவியிருந்தார்.

"விற்றாயா?"

"இல்லீங்க."

"சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் தினம் காலையில் வந்து குடித்ததாக மனுவில் இருக்கிறது. யார் அது?"

கேஸ்காரர் ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். நான் ரிகார்டுக் கட்டின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன்.

"யாரும் வர்லீங்க. நான்தாங்க குடிச்சேன். தினம் ஒரு ஸ்பூன்."

கழுத்தில் உருத்திராட்சம், நெற்றியில் விபூதி. கோர்ட்டே விழுந்து விழுந்து சிரித்தது. மாஜிஸ்திரேட் இளகிய மனசுக்காரர். கோர்ட் கலையும்வரை நிற்கவேண்டும் என்று மட்டும் தண்டனை கொடுத்தார். சாயங்காலம் ஐந்து மணிவரை சுவரோரம் நின்றார். ஊரில் பாதிப்பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஊர் அவ்வளவு சுலபத்தில் கலையவில்லை. குடிகாரன் கையால் சோடா வேண்டாம் என்றார்கள் மலைக்கு வருகிறவர்கள். அந்த ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகளுக்கு சோடா கொடுக்கப் போனவரை, "நீ வாணாம்பா, போ" என்று திருப்பி அனுப்பினார்கள். பாட்டில் கூடையோடு திரும்பி வந்தவர், அத்தனையையும் ஒவ்வொன்றாக உடைத்துத் தானே தெருவில் ஊற்றினார். அன்று மூடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு கனகம்மாசத்திரம் போய்விட்டார்.

அவர் போவதற்கு முந்தின நாள் ஒருவழியாகத் தைரியம் வந்து, "நான் கோர்ட்ல சொல்லியிருக்கணுங்க" என்றேன்.

"இன்னான்னு? உன் வேல பூட்டா உன் தங்கச்சிங்களுக்கு யாரு செய்வாங்க? எனக்குப் புள்ளையா குட்டியா? வுடு நைனா." பாட்டில் கூடையைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, "ஆனா, கடைசி வரிக்கும் புளிக்கலயில்ல?" என்று கேட்டார்.

"புளிக்கலைங்க" என்றேன்.

அந்த மனுவுக்கு நம்பர் போட்டவன் நான்தான் என்று அவரிடம் சொல்லவே இல்லை. அவர் இருந்தவரை சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

பிற்பாடு நான் மெட்ராஸ் போகும் பஸ் கனகம்மாசத்திரத்தில் ஐந்து நிமிஷம் நிற்கும். கேஸ்காரர் கடை நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. என் தலையைப் பார்த்ததும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "நைனா வந்துகினு கீறாரு!" என்று பக்கத்துக் கடைக்காரனிடம் கத்துவார். அந்தச் சிரிப்புக்கு எதிரில் நிற்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் அவர் இருந்த காலம்வரை, ஒரு தடவைகூட நான் இறங்காமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்ததில்லை.