வியாழக்கிழமைப் பையன்

மைசூர்

மகாஸ்ரீ சீனிவாசன் அத்திம்பேர் ஸன்னிதிக்கு, மச்சினன் நம்பி தண்டம் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் என் முழங்காலைத் தவிர அனைவரும் க்ஷேமம். பெங்களூரில் தேவரீரும் பிள்ளை, நாட்டுப்பெண்ணும் க்ஷேமமாயிருக்கப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன்.

நிற்க. என் பேத்தி தன்மயி உங்களுக்கு போன் பண்ணுவாள். அக்கா காலமானதிலிருந்து பூட்டிக் கிடக்கும் உங்கள் மைசூர் வீட்டைக் குழைந்து குழைந்து கேட்பாள். தயவுசெய்து முடியாது என்று சொல்லிவிடவும். விஷயம் என்னவென்றால், அவள் காலேஜில் ஹாஸ்டல் கிடைக்காத பிள்ளைகள் எக்கச்சக்கமாம், ஹனூர் பக்கத்துக் கோபிநத்தம் கிராமத்துக் கவின்ராஜ் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டு பி.எஸ்ஸி. படிக்கிறானாம், தங்க இடம் கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடுவானாம். இவளும் சிநேகிதிகளும் காலேஜ் வாசலில் பாய் தலகாணியோடு உட்கார்ந்து போராட்டம் பண்ணினார்கள். பாய் என்னுடையது. பிரின்சிபால் பரிசீலிப்பதாகச் சொன்னார், பாய் திரும்பி வரவில்லை. அதோட விட்டாளா? நான்தான் வாயை வெச்சுண்டு சும்மா இருக்காம, அந்தக் காலத்துல நம்மூர்ல ஏழைப் பசங்க தினம் ஒரு ஆத்துல சாப்பிட்டுப் படிப்பா, அதுக்கு வாரச் சாப்பாடுன்னு பேரு, சீனு தாத்தாவே எங்காத்து வியாழக்கிழமைப் பையன்தான்னு சொல்லித் தொலைச்சேன்.

அவ்வளவுதான். "அப்போ படுக்கவும் வாரம் பிடிச்சுடலாம் தாத்தா!"ன்னு கிளம்பிட்டா. திங்கக்கிழமை மண்டி மொஹல்லாவுல காளிதாஸ்னு ஒருத்தர் கடை மாடி, செவ்வாய் எங்காத்துக் கூடம், மத்த நாளுக்கு ஒருத்தரும் மசியலை. கவின்ராஜ் வந்தான். தங்கமான பையன், ஒத்துக்கறேன். ஆனா விடியறதுக்கு முன்னாடியே எழுந்து தன் படுக்கையோட என் மெத்தையையும் சுருட்டி வெச்சுட்டான். நான் பாத்ரூம் போயிட்டு வந்து, மெத்தைன்னு நெனச்சு வெறும் தரையில தொப்புனு உட்கார்ந்தேன். முழங்கால் அப்போ போனதுதான். ஏண்டாப்பான்னு கேட்டா, "பஸ் ஸ்டாண்டு கூட்டறவங்க வர்றதுக்குள்ள எந்திரிச்சுப் போயிரோணுங்க தாத்தா, பழகிப்போச்சுங்க"ங்கறான்.

நீங்களும் இப்படித்தானே அத்திம்பேர்! கூடத்து ஓரமா, ஈரம் காயாத வேஷ்டியோட சங்கோஜமா உட்காருவேள். அக்கா சாத்தமுதுக் கரண்டியோட நின்னுண்டு "இன்னும் கொஞ்சம்?"ம்பா. நீங்க இலையைப் பார்த்துண்டே தலையை ஆட்டுவேள். வேணுமா வேண்டாமான்னு எங்க யாருக்கும் புரியாது, அக்காவுக்கு மட்டும் புரியும். ஆனா முடிவு என்ன ஆச்சு? ரெண்டு பிடி சாதம்தானேன்னு அப்பா கூப்பிட்டார், ஆத்துப் பொண்ணையே அழைச்சுண்டு போயிட்டேள். அந்த அனுபவத்துல சொல்றேன், யாருக்கும் இடம் குடுக்காதேங்கோ.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். தேவரீருக்கு மறுபடியும் தண்டம், முழங்கால் அனுமதிக்கிற அளவுக்கு.

இப்படிக்கு,
நம்பி

பி.கு.: தன்மயி போன் பண்ணமாட்டா. கேட்டா மறுத்துடுவேளோன்னு பயந்து, என்கிட்ட இருந்த சாவியை நேத்தே நான் குடுத்துட்டேன். கவின்ராஜும் ஹனூர்ப் பசங்களும் வந்தாச்சு. காலேஜ் ஹாஸ்டல் குடுக்கற வரைக்கும்தான், கோச்சுக்காதேங்கோ. அக்காவோட அடுப்பு மறுபடி எரியறது. வீட்டுக்காரருக்கு வாரச் சாப்பாடு போடறதா பசங்க தீர்மானம் பண்ணியிருக்கா, வியாழக்கிழமை உங்க முறை. சாத்தமுது கவின்ராஜ் வைக்கறான், அவன் பாஷையில ரசம், சுமார்தான். அவசியம் வாங்கோ. தலையை மட்டும் ஆட்டாதேங்கோ, வேணும்னா வாயைத் திறந்து கேளுங்கோ. புரிஞ்சுக்கறதுக்கு அக்கா இல்லை.