பட்டையாரும் ஒரு நல்ல ரிப்போர்ட்டும்

ஒற்றை மருந்துக்காரர் என்று ஒரு ரகம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். மனுஷனுக்கு வருகிற நோய் அத்தனைக்கும் கடவுள் ஒரே ஒரு சாமானைப் படைத்து, அதை இவர் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்று நினைப்பு. முந்தின வருஷம் தேன். போன வருஷம் வெந்நீர். இப்போது லவங்கப்பட்டை. அடுத்த வருஷம் என்னவோ, அதையும் நாம்தான் குடித்தாக வேண்டும்.

நம்முடைய ஆளுக்குத் தெருவில் பட்டையார் என்று பேர். தண்ணீர் மீட்டர் ரிப்பேர் செய்கிற கூடத்தில் மேற்பார்வை வேலை. அங்கே அவரைப் போலக் கறாரான ஆள் கிடையாது. ரிப்பேர் ஆன மீட்டரை அளவுத் தொட்டியில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்துத்தான் முத்திரை போடுவார். வாயால் சொல்லாதே, ஓட்டிக் காட்டு என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன், எவனோ கைபேசியில் அனுப்பின ஒரு நிமிஷப் படத்தைப் பார்த்துவிட்டுப் பட்டைக்கு முத்திரை குத்திவிட்டார். ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டாமா? வேண்டாமாம். அது இயற்கையாம்.

அன்றிலிருந்து, மூட்டு வலி என்று உட்கார்ந்தால் பட்டை, தூக்கம் வரவில்லை என்று புரண்டால் பட்டை, வயிறு உப்பினால் பட்டை, வாய் நாறினால் பட்டை, எறும்பு வந்தால் அலமாரி மூலையில் பட்டை, செருப்பு நாறினால் அதற்குள்ளும் ஒரு துண்டு பட்டை என்று, பார்த்தவர்களை எல்லாம் நிறுத்திவைத்துச் சொல்ல ஆரம்பித்தார். எறும்பு கொஞ்சம் கேட்டது. மற்றது எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. பேச்சைக் கேட்டு எதிர்வீட்டு வாத்தியார் தலைவலிக்குப் பட்டையை அரைத்து நெற்றியில் அப்பி, தோல் வெந்து, ஒரு வாரம் தொப்பியோடு பாடம் நடத்தினார். "தலைவலி போச்சா இல்லையா?" என்று கேட்டார் பட்டையார். போய்விட்டதுதான். எரிச்சலில் அது எங்கே தெரிந்தது?

சாவு வீட்டிலும் விடமாட்டார். மாலையைப் போட்டுவிட்டுச் செத்தவர் மகனைத் தோளில் தட்டி, "ஒரு ஆறு மாசம் முன்னாடி என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்பார். அந்த மகன் என்ன செய்வான் பாவம், அழுவானா, மன்னிப்புக் கேட்பானா?

இத்தனை பேசுகிறாரே, வீட்டில் பட்டை எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேளுங்கள். தெரியாது. வாங்குகிறது, உடைக்கிறது, வறுக்கிறது, மிக்சி பிளேடு மழுங்க மழுங்க அரைக்கிறது, சலிக்கிறது எல்லாம் அவர் சம்சாரம். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். தையல் மிஷினில் உட்கார்ந்தால் உலகம் இடிந்தாலும் தையல் கோணாது. அவளுக்குச் சர்க்கரை வியாதி.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனிமேல் இந்த வீட்டுக்குள் சர்க்கரை மாத்திரை வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். காலையில் வெந்நீரில் பட்டைப் பொடி, சாயந்திரம் இன்னொரு தடவை, அவ்வளவுதான். அவள் வாதாடிப் பார்த்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். டாக்டருக்கு மாத்திரைக் கடைக்காரன் கமிஷன் கொடுக்கிறான் என்றார். பட்டைக்கடைக்காரன் உங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினாள்.

ஆட்டினாளே தவிர, நிறுத்தவில்லை. மாத்திரை அட்டைகளைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பட்டை டப்பாவின் அடியில் வைத்து, மேலே பட்டையைப் பரப்பி மூடிவிட்டாள். அந்த மனுஷன் கை படாத இடம் வீட்டில் அது ஒன்றுதான். அவர் முன்னால் பட்டைத் தண்ணி, அவர் முதுகுக்குப் பின்னால் மாத்திரை. வீட்டில் சண்டை இல்லை. மிஷின் அது பாட்டுக்கு ஓடியது.

போன மாதம் அவள் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. பட்டையார் பூமியில் நடக்கவில்லை. அந்த ரிப்போர்ட்டை லேமினேட் செய்து மீட்டர் கூடத்தில் சுற்றுக்கு விட்டார். முடி வெட்டுகிறவரிடம் காட்டினார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினார். பெண்டாட்டி ரத்தத்தை இப்படி ஊரெல்லாம் படிக்கக் கொடுத்த புருஷன் வேறு யாராவது உண்டா? அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் உறுத்தவும் செய்தது. போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்துவிட்டாள்.

நஷ்டம் போன வாரம் பஸ் ஏறி வந்தது. அவளுடைய நாத்தனார். பட்டையாருக்கு அம்மா இல்லாத குறை தெரியாமல் வளர்த்த அக்கா. அந்த அம்மாளுக்குச் சர்க்கரை இருபது வருஷமாக. கால் பெருவிரலில் ஒரு புண், மூன்று வாரமாக ஆறாமல், துணி சுற்றியிருந்தது. பட்டையார் புண்ணைப் பார்த்தார், ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். அக்காவுக்குத் தம்பி பேச்சு சந்தேகம்தான், ஆனால் ஆஸ்பத்திரி முத்திரை போட்ட காகிதத்தை எப்படிச் சந்தேகப்படுவாள்? மாத்திரை டப்பியை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் போட்டுக்கொண்டார்.

சம்சாரத்தின் தையல் மிஷின் நின்றது. அந்த விரலை அவள்தான் காலையில் கழுவிக் கட்டியிருந்தாள். அது எந்த நிலைமையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இப்போது வாயைத் திறந்தால் ஆறு மாதத்துப் பொய் வெளியே வரும், மனுஷன் ஒரு வருஷத்துக்குப் பேசமாட்டார். திறக்காவிட்டால் இந்த அம்மாளுக்குக் கால் போகும்.

எழுந்து போய் டப்பாவைக் கொண்டுவந்து நாத்தனார் முன்னால் கவிழ்த்தாள். பட்டை சிதறியது. அதன்மேல் அந்தப் பிளாஸ்டிக் பை விழுந்தது. பிரித்து உதறினாள். அட்டை அட்டையாக மாத்திரை.

"அக்கா, அந்தக் காகிதத்துல இருக்கிறது இதோட வேலை. ஒரு நாள் கூட நான் நிறுத்தல. நீங்களும் நிறுத்தாதீங்க. நாளைக்கு உங்க கால டாக்டர்கிட்ட காட்டுறோம்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். கையை நீட்டினாள். பட்டையார் பொத்தானைக் கழற்றி, டப்பியை அந்தக் கையில் வைத்தார். முகம் செத்துப்போயிருந்தது. சம்சாரத்துக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. குனிந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். முகத்தில் உயிர் வந்தது.

"ஆறு மாசமா இது பட்டைக்குள்ளயேவா இருந்துச்சு?"

"ஆமாங்க."

"அதான பார்த்தேன். பட்டையோட சத்து பூரா மாத்திரையில இறங்கியிருக்கு. இல்லேன்னா வெறும் மாத்திரை இப்படி வேலை செய்யுமா?"

சம்சாரம் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். இதை இப்படியே விட்டால்தான் காரியம் நடக்கும் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

"ஆமாங்க," என்றாள், "அக்கா மாத்திரையையும் இதுக்குள்ளயே போட்டு வச்சிரலாம். ஆனா வேளை தவறாம முழுங்கணும். இல்லேன்னா சத்து போயிடும்."

அக்கா அங்கேயே தண்ணீர் கேட்டு, அந்த வேளை மாத்திரையை விழுங்கினாள்.

இப்போது பட்டையார் மீட்டர் கூடத்தில் புதுப் பாடம் நடத்துகிறார். மாத்திரையைப் பட்டை டப்பாவில் வையுங்கள், ஒரு வேளை விடாமல் சாப்பிடுங்கள். அவர் பேச்சைக் கேட்டு மாத்திரையை விட்டிருந்த இரண்டு பேர், அவர் பேச்சைக் கேட்டே மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மனுஷன் சொல்லி ஊருக்கு நடந்த நல்லது இதுதான் முதல்.

சிரித்தீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஆனால் யாராவது உங்களிடம் வந்து இடுப்பு வலிக்கிறது என்று சொன்னதும், அவர்கள் சொல்லி முடிக்கிற வரைக்கும்கூடப் பொறுக்காமல் உங்கள் வாயில் வந்து நிற்கிறதே, அது என்ன? வெந்தயமா? எலுமிச்சையா? பூண்டா? நீங்கள் சொன்னதற்கெல்லாம் மறுபேச்சு இல்லாமல் தலையாட்டுகிற ஒருத்தி உங்கள் வீட்டிலும் இருக்கிறாள். எதை எங்கே ஒளித்துவைத்திருக்கிறாள் என்று தேடப் போகாதீர்கள். அவளாவது நல்லபடியாக இருக்கட்டும்.