சம்பந்திக்குக் கழுவிய கார்

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை மாலை

மகா கனம் பொருந்திய சம்பந்தி ஸ்ரீ சுப்புராயன் அவர்கள் சமூகத்துக்கு ஜெயராம் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம், ஹம்சா சௌக்கியம். கார் சௌக்கியமில்லை. திருச்சியில் தாங்களும், சம்பந்தி அம்மாளும், மாப்பிள்ளை வெங்கடேஷும், எங்கள் மதுமதியும், பேரனும் நலமா என்று கேட்பது மரியாதை என்பதால் கேட்கிறேன். மற்றபடி மதுமதி தினமும் தன் அம்மாவோடு முக்கால் மணி நேரம் போனில் பேசுவதால், நேற்றுத் தங்கள் வீட்டு ரசத்தில் உப்பு கம்மி என்பது வரை இங்கே தெரியும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். என் போன் புதன்கிழமை காலை சீயக்காய்த் தண்ணீர் நிறைந்த பக்கெட்டில் விழுந்துவிட்டது. ஹம்சாவிடம் போன் இருக்கிறது. கேட்டதற்கு, "உங்க சம்பந்திகிட்ட என்ன சொல்லணுமோ நீங்களே எழுதிக்கோங்கோ, என் போனைத் தொடாதீங்கோ, கையெல்லாம் நல்லெண்ணெய்" என்று சொல்லிவிட்டாள். தவிர, தாங்கள் போனில் பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு மூச்சு விட மட்டுமே நேரம் இருக்கும். இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது தங்களுக்கு உள்ள ஒரு கம்பீரம்.

விஷயத்துக்கு வருகிறேன். மதுமதியின் வளைகாப்பில், நாற்பது பேர் முன்னிலையில், இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருக்கும்போது, "எனக்கு வயசாச்சு, இனிமே ஓட்டப் போறதில்லை, என் காரை நீங்களே எடுத்துக்கோங்கோ, கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன்" என்று தங்களுக்கு வாக்குக் கொடுத்தவன் நான். தாங்களும் பெருந்தன்மையாக விலை பேசி முடித்து, பேரனின் ஆண்டு நிறைவு ஆயுஷ்ய ஹோமத்துக்கு வருகிற உறவுக்காரர்களை அந்தக் காரில்தான் ரயிலடியிலிருந்து அழைத்து வரப்போவதாக எல்லாரிடமும் சொல்லிவிட்டீர்கள். "ஜெயராம் காரைக் குழந்தை மாதிரி வெச்சிண்டிருக்கார்" என்றுகூடச் சொன்னீர்களாம். இதை மதுமதி சொன்ன அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம், அந்தக் காரைக் கடைசியாக எப்போது கழுவினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. மழை பெய்தால் கழுவியதாகக் கணக்கு வைத்துக்கொள்வது என் வழக்கம். மழையும் எனக்குத் தெரிந்து சரியாகத்தான் பெய்தது.

போன வாரம் தாங்கள் போன் செய்து, "ஒரு ஆளை வெச்சு நன்னா பாலிஷ் போட்டு அனுப்பிடுங்கோ, பாதிச் செலவு நான் தரேன்" என்றீர்கள். பாதிச் செலவு! பெண்ணைக் கொடுத்தவனிடம் பாதிச் செலவு! எனக்குச் சுருக்கென்றது. சொல்லக் கூடாது, சொல்லிவிட்டேன், போகட்டும். அன்றைக்கே ராயப்பேட்டையில் கார் பாலிஷ் போடும் குலாம் ரசூல் என்பவரிடம் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார், விரலால் ஒரு கோடு இழுத்தார், விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏழாயிரத்து ஐந்நூறு ஆவும் சார். ரெண்டு நாள் நம்ம கைல உட்ருங்க" என்றார். "நான் விலைக்குக் கேட்கலைப்பா, கழுவறதுக்குத்தான் கேட்டேன்" என்றேன். "கழுவறதுக்குத்தான் சார் சொல்றேன். விலைக்குன்னா இன்னும் கம்மியாத்தான் கேப்பேன்" என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். எந்த அழுக்கை எது கரைக்கும் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன். அப்பேர்ப்பட்டவன் ஒரு காரைக் கழுவக் கூலிக்கு ஆள் பிடித்தால் நான் நடத்திய பாடத்துக்கு என்ன மரியாதை? ஆத்தில் இல்லாத எந்தச் சாமான் கடையில் இருக்கிறது? சமையலறைக்குள் போனேன். அன்றைக்கு அங்கே போகாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

புதன்கிழமை சீயக்காய். தலையில் எண்ணெயை எடுப்பது தகரத்தில் அழுக்கை எடுக்காதா? ஒரு பக்கெட் நிறையக் கரைத்து, பக்கெட்டின் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்து, கார் கழுவுவது எப்படி என்று ஒருவன் சொல்லித் தரும் வீடியோவைப் போட்டுவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். "இப்ப துணிய நல்லா முக்கி எடுங்க" என்று அவன் சொன்னான், நானும் முக்கினேன், துணியோடு போனும் போயிற்று. தண்ணீருக்கு அடியிலிருந்தும் அந்த ஆள் அரை நிமிஷம் பேசிக்கொண்டிருந்தான். போனைக் காப்பாற்றுகிற அவசரத்தில் காரை அலம்ப மறந்துவிட்டேன். வெயிலில் சீயக்காய் காய்ந்து அப்பிக்கொண்டது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த ஹம்சா, "சாம்பல் கலர் காரை ஏன்னா சாக்லேட் கலர் பண்ணிட்டேள்?" என்றாள். அதை உரித்து எடுக்கச் சாயங்காலம் வரை ஆயிற்று.

வியாழக்கிழமைதான் பெரிய விபத்து. எங்கள் ஆத்தில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஹம்சா பானெட்டின் நடுவில் சந்தனத்தால் பெரிய ஓம் எழுதி, குங்குமம் வைத்து, சுற்றிலும் பொட்டு வைப்பாள். பதின்மூன்று வருஷமாக அதே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக. அதைத் துடைக்க அவளும் விட மாட்டாள், எனக்கும் தைரியம் கிடையாது. இப்போது அது தடிமனான அடையாக ஒட்டிக்கொண்டிருந்தது. குத்துவிளக்கில் ஏறிய கறுப்பைப் புளியும் விளக்குத் தேய்க்கும் பொடியும் அரை நிமிஷத்தில் எடுத்துவிடும். கார் பித்தளையில் செய்ததில்லை என்பது வேதியியல் படித்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. ஓம் எழுத்தின் மேலேயே தேய்க்க மனசு வராமல், அதை விட்டுவிட்டுச் சுற்றிலும் தேங்காய் நார் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தேன். சந்தனம் தானாகப் பெயர்ந்து விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். சுற்றிலும் பெயிண்ட் போய் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நடுவில், சந்தனம் மூடிக் காப்பாற்றிய இடத்தில் மட்டும், புத்தம் புதுப் பெயிண்டில் இரண்டடி உயரத்துக்கு ஓம் நிற்கிறது.

காபி குடிக்க உள்ளே போனேன். காரைத் தெருவில்தான் நிறுத்தியிருந்தேன், அதுவும் கோயிலுக்குப் போகிற தெரு. பத்து நிமிஷம் கழித்து வந்தால் வைப்பரில் ஒரு முழம் மல்லிகைப்பூ சுற்றியிருக்கிறது, பானெட்டில் கற்பூரம் எரிகிறது, ஒரு தம்பதி காரைப் பிரதட்சிணம் வந்துகொண்டிருக்கிறார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாமியிடம், "இது விக்கிற கார் மாமி" என்று கத்தினேன். "விலை கேக்கலை மாமா, எந்த ஸ்வாமின்னு சொல்லுங்கோ" என்றாள். எல்லாரையும் அனுப்பி, பூவைப் பிய்த்து, கற்பூரத்தை ஊதி அணைப்பதற்குள் அதுவும் தன் பங்குக்கு ஒரு கறுப்பு வட்டத்தைப் போட்டுவிட்டது.

வெளியே போனால் போகட்டும், உள்ளேயாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று அன்று மத்தியானம் டேஷ்போர்டுக்கும் கதவுகளுக்கும் நல்லெண்ணெய் தடவினேன். கொஞ்சம் ஸீட்டிலும் பட்டது. கொஞ்சம் என்றால் அரை லிட்டர். பளபளத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று காலை கதவைத் திறந்தால் ஊரில் உள்ள எறும்பு முழுக்க உள்ளே இருந்தது. எறும்புக்கு மஞ்சள்பொடி தூவினேன். ஸீட் மஞ்சளாயிற்று, எறும்பும் மஞ்சளாயிற்று, ஆனால் வெளியே போகவில்லை. இப்போது உள்ளே எண்ணெய், மஞ்சள், பழைய சீயக்காய் மூன்றும் சேர்ந்து யாருக்கோ மங்கள ஸ்நானம் நடந்த வாடை. வாடை போகவும், எறும்பு ஓடவும் ஒரே வழி சாம்பிராணி என்று தீர்மானித்தேன்.

தூபக்கால் நிறைய நெருப்பும் சாம்பிராணியும் போட்டு, பின் ஸீட்டுக்குக் கீழே ஜாக்கிரதையாக வைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அரை மணி ஆகட்டும் என்று மாடிக்கு வந்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன் சண்முகசுந்தரம் அலறுகிறான்: "சார்! சார்! வண்டி பத்திக்கினு எரியுது சார்!" நான் படியில் ஓடி வருவதற்குள் அவன் மாடிப்படி ஓரம் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரை எடுத்து, கதவைத் திறந்து, உள்ளே இருந்த பொடி முழுவதையும் அடித்துத் தீர்த்துவிட்டான். "அது சாம்பிராணிடா!" என்றேன். "அத்த மின்னாடியே சொல்லக் கூடாதா சார்? நீ உள்ள குந்திக்கினு கீறன்னு நெனச்சு உசுரே போச்சு" என்று அழுதான். அவனைச் சமாதானப்படுத்தினேன். அதற்குள் அந்த வெள்ளைப் பொடி நல்லெண்ணெயில் ஊறி ஸீட் முழுக்க ஒட்டிக்கொண்டது. ஹம்சா கீழே வந்து எட்டிப் பார்த்து, "தோசைக்கு மாவு கரைச்சு வெச்சிருக்கேளா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம் மாடி ஏறிப் போய்விட்டாள்.

சம்பந்தி அவர்களே, எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாற்பது பேர் நடுவில் கொடுத்த வாக்கு. என் பெண் வாழ்கிற வீடு. நாளைக்கு ஹோமத்தில் யாராவது, "எங்கே, உன் அப்பா தரேன்னாரே அந்தக் கார்?" என்று அவளைக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? பாதி விலைக்குத் தருகிறேன். விலையே வேண்டாம் என்றாலும் சரி. இருக்கிறபடியே எடுத்துக்கொள்ள வேண்டும், அதை மதுமதியிடம் ஒரு சொல்லாகக் காட்டக் கூடாது, இவ்வளவுதான் நான் கேட்பது. தப்பு முழுக்க என்னுடையது. எறும்பு மட்டும் தானாக வந்தது.

சம்பந்தி அம்மாளுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளையும் மதுமதியும் எல்லாச் செல்வமும் பெற்று வாழ என் ஆசீர்வாதம். பேரனுக்குத் தாத்தா சார்பில் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுக்கவும், கை கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத தங்கள் சம்பந்தி,
ஜெயராம்

பின்குறிப்பு (புதன்கிழமை காலை): மேலே உள்ளதைத் தபாலில் சேர்க்கச் சொல்லி ஹம்சாவிடம் கொடுத்தேன். அவள் தபாலில் சேர்க்காமல் படித்தாள். படித்துவிட்டு, என்னைக் கேட்காமல் குலாம் ரசூலுக்குப் போன் செய்தாள். அவர் வந்து பார்த்து, "இன்னா சார் இது, காரா, பொங்கல் பானையா?" என்று கேட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய், பானெட்டுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, உள்ளே அத்தனையும் கழற்றி அலசி, நேற்றுச் சாயங்காலம் கொண்டுவந்து விட்டார். கூலி பதினெட்டாயிரம். ஏன் என்று கேட்டேன். "அழுக்க எடுக்க அதே ஏழாயிரத்து ஐந்நூறுதான் சார். மிச்சம், நீங்க சுத்தம் பண்ணத எடுக்கறதுக்கு" என்றார்.

ஹம்சா கீழே வந்தாள். பானெட்டில் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரி செய்துகொண்டாள். பிறகு முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்து, "அடையார் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்றாள். பதின்மூன்று வருஷத்தில் அவள் தானாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. போனோம், ஏசி போட்டுக்கொண்டு, பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டு. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. திரும்பி வந்து இறங்கும்போது, "இதையா திருச்சிக்கு அனுப்பப் போறேள்? புத்தி இருக்கா உங்களுக்கு?" என்றாள்.

ஆகவே தாங்கள் மேலே எழுதியதை எல்லாம் அப்படியே நம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை நிலவரப்படி அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அப்படிப்பட்ட எறும்புக் காரில் பேரனை ஏற்றத் தங்களுக்கு மனசு வராது என்பது எனக்குத் தெரியும். இந்தப் பின்குறிப்பைக் கிழித்துவிட்டு அனுப்பச் சொல்கிறாள் ஹம்சா. சம்பந்தியிடம் மறைக்க எனக்கு வாய் வராது, அதனால் அவளுக்குத் தெரியாமல் சேர்த்திருக்கிறேன். தாங்கள் படித்ததும் கிழித்துவிட்டு, மீதியைச் சம்பந்தி அம்மாளிடம் வாசித்துக் காட்டவும். ஆயுஷ்ய ஹோமத்துக்கு முதல் நாளே நாங்கள் இருவரும் வந்துவிடுகிறோம். வண்டியைத் தங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவதாக ஏற்பாடு. ரயிலில் வந்தோம் என்று ஹம்சா சொல்வாள். எந்த ரயில் என்று மட்டும் தாங்கள் கேட்டுவிட வேண்டாம்.